பங்ஷனல் புரோகிராமிங்: எக்ஸெல் தெரிந்தவருக்கு எளிதா, கடினமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் கடிதம் டைப் செய்து பழகுகிறார்கள். திருப்பூர், அவினாசி, பல்லடம் பக்கம் என்றால் அடுத்த பாடம் பெரும்பாலும் எக்ஸெல்தான். பனியன் கம்பெனியோ, நிட்டிங் யூனிட்டோ, வீட்டில் நான்கு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுப்பவரோ, எல்லோருக்கும் கணக்கு வேண்டும். அதற்குப் பிறகு "புரோகிராமிங் கற்கலாமா, எதில் தொடங்கலாம்?" என்ற கேள்வி வருகிறது. சி, ஜாவா, பைத்தான் என்ற பெயர்களுடன் ஹாஸ்கெல், எர்லாங், ஸ்காலா என்று சில பெயர்களும் காதில் விழும். இந்த இரண்டாவது கூட்டத்தின் வழிமுறைக்குத்தான் பங்ஷனல் புரோகிராமிங் என்று பெயர்.

"இதைக் கற்றால் புரோகிராமில் தவறே வராது" என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். "இது பேராசிரியர்களின் விளையாட்டு, வேலைக்கு ஆகாது" என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். இரண்டுமே சரியல்ல. இதன் குறைகள் எங்கே இருக்கின்றன, கற்பதில் ஏற்றம் எங்கே கடினமாகிறது என்று இந்தக் கட்டுரையில் பார்க்கலாம். புதிதாக எந்த சாப்ட்வேரும் வாங்க வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் போதும்.

(செல் பெயர்களையும் பார்முலாக்களையும் இங்கே தமிழில் அச்சிட்டிருக்கிறோம். நீங்கள் ஆங்கில எழுத்துகளில் டைப் செய்திடுங்கள்.)

நீங்கள் ஏற்கெனவே எழுதும் புரோகிராம்

ஒரு டி சர்ட்டுக்கு எவ்வளவு துணி ஆகும் என்று கணக்கிடுவோம். புதிய ஒர்க் ஷீட் ஒன்றைத் திறந்து கொள்ளுங்கள். பி1 செல்லில் 100 (உடல் நீளம், கை நீளம், தையலுக்கான கூடுதல் எல்லாம் சேர்ந்து, சென்டிமீட்டரில்). பி2ல் 55 (பாதி மார்பளவும் கூடுதலும்). பி3ல் 180 (துணியின் ஜிஎஸ்எம்). பி4ல் 10% (வேஸ்ட்). பி5ல் 350 (ஒரு கிலோ துணியின் விலை, நிட்டிங், டையிங் எல்லாம் சேர்த்து). பி6ல் 45 (கட்டிங், தையல், பேக்கிங் மற்றும் லேபிள் செலவு). விலைகள் கணக்குக்காக வைத்தவைதான். உங்கள் விலைகளைப் போட்டுக் கொள்ளலாம்.

இனி மூன்று பார்முலாக்கள்:

பி7: =பி1*பி2*2*பி3/10000*(1+பி4)
பி8: =பி7/1000*பி5
பி9: =பி8+பி6

முன் பக்கம், பின் பக்கம் என்று இரண்டு இருப்பதால் 2 ஆல் பெருக்குகிறோம். சதுர சென்டிமீட்டரைச் சதுர மீட்டராக்க 10000 ஆல் வகுக்கிறோம். பி7ல் 217.8 என்று வரும். அதுதான் ஒரு பீசுக்கான துணியின் எடை, கிராமில். பி8ல் துணிச் செலவு 76.23 ரூபாய். பி9ல் மொத்தம் 121.23 ரூபாய்.

இப்போது பையர் "160 ஜிஎஸ்எம் போதும்" என்கிறார். பி3ஐ மட்டும் 160 என்று மாற்றி என்டர் தட்டுங்கள். மொத்தம் 112.76 ஆகிவிடும். ஒரு பீசுக்கு 8.47 ரூபாய் வித்தியாசம். 10,000 பீஸ் ஆர்டர் என்றால் 84,700 ரூபாய்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலில் எடையைக் கணக்கிடு, பிறகு செலவைக் கணக்கிடு என்று வரிசையை நீங்கள் சொல்லவே இல்லை. எது எதைச் சார்ந்தது என்று மட்டும் சொன்னீர்கள். வரிசையை எக்ஸெல் தானே கண்டுபிடித்துக் கொண்டது. அடுத்தது, ஒரே அளவுகளைக் கொடுத்தால் இந்தப் பார்முலாக்கள் எப்போதும் ஒரே விடையைத் தரும். பங்ஷனல் புரோகிராமிங்கின் அடிப்படையே இவைதான். பெயர் தெரியாமலேயே அதைச் செய்து கொண்டிருக்கிறீர்கள்.

இது எங்கிருந்து வந்தது?

1930களில் அமெரிக்கக் கணித அறிஞர் அலோன்சோ சர்ச், எல்லாக் கணக்கையும் பங்ஷன்களாகவே எழுதும் லாம்டா கால்குலஸ் என்ற முறையை உருவாக்கினார். அதன் சாயலில் 1958ல் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழியைத் தொடங்கினார். போர்ட்ரான் மொழியை உருவாக்கிய குழுவின் தலைவரான ஜான் பேக்கஸ், 1977ல் டூரிங் விருது உரையில் தன்னுடைய வழிமுறையையே விமர்சித்து, பங்ஷனல் வழியைப் பரிந்துரைத்தார். 1990ல் ஹாஸ்கெல் மொழியின் முதல் வரையறை வெளியானது.

இதற்கிடையே 1979ல் டான் பிரிக்லின், பாப் பிராங்ஸ்டன் இருவரும் விசிகால்க் என்ற ஸ்பிரெட் ஷீட் புரோகிராமை வெளியிட்டனர். லோட்டஸ், எக்ஸெல் எல்லாம் அதன் வழியில் வந்தவை. ஹாஸ்கெலை வடிவமைத்தவர்களில் ஒருவரான சைமன் பெய்டன் ஜோன்ஸ், எக்ஸெல் பார்முலாவைப் பங்ஷனல் மொழி என்றே கருதுபவர். அதில் பயனாளரே சொந்தமாகப் பங்ஷன் எழுத வசதி வேண்டும் என்று 2003ல் வேறு இருவருடன் சேர்ந்து ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். அந்த வசதி எப்போது வந்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பார்முலா இவ்வளவு எளிது என்றால் பங்ஷனல் மொழிகள் ஏன் கடினமாக இருக்கின்றன? ஐந்து இடங்களில் கால் இடறும்.

இடறல் 1: எதையும் மாற்ற முடியாது

அதே ஷீட்டில் பி9 செல்லுக்குப் போய் =பி9+5 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். எக்ஸெல் எச்சரிக்கைச் செய்தி காட்டும். கால்க் என்றால் 522 என்ற பிழை எண் வரும். ஒரு செல் தன்னையே சார்ந்திருக்க முடியாது என்பது இதன் பொருள். (பார்த்து முடித்ததும் பழைய பார்முலாவைத் திரும்பப் போட்டு விடுங்கள்.)

ஆனால் சி, ஜாவா, பைத்தான் மொழிகளில் "விலை = விலை + 5" என்பது அன்றாடம் எழுதும் வரி. இப்போதுள்ள விலையுடன் 5 சேர்த்து அதே பெட்டியில் வை என்று அர்த்தம். பத்தாம் வகுப்பு மாணவரிடம் இதைக் காட்டினால், "எந்த எண்ணும் தன்னைவிட 5 அதிகமாக இருக்க முடியாதே" என்பார். பங்ஷனல் மொழி அந்த மாணவரின் கட்சி. ஒரு பெயருக்கு ஒரு மதிப்பு கொடுத்தால் அது கடைசி வரை அதுதான்.

அப்படியானால் நூல் இருப்பை எப்படி எழுதுவது? காலையில் 1,000 கிலோ, நிட்டிங்குக்கு 200 கிலோ அனுப்பினோம் என்றால், பழைய இருப்பை அழிக்காமல் புதிய இருப்பு 800 என்று இன்னொரு பெயரில் எழுத வேண்டும். பேரேட்டில் கணக்கு எழுதுபவர் பழைய வரியை அழிக்காமல் அடுத்த வரி எழுதுவது போல.

இதில் நன்மை உண்டு. எந்த நேரத்தில் என்ன இருப்பு என்று பின்னோக்கிப் பார்க்கலாம். தொல்லையும் உண்டு. ஐந்து பங்ஷன்கள் இருப்பைத் தொட வேண்டும் என்றால், ஐந்துக்கும் அதைக் கையில் கொடுத்து, மாறிய இருப்பைத் திரும்ப வாங்கி, அடுத்ததற்குக் கொடுக்க வேண்டும். நூல் நிட்டிங்குக்குப் போகும்போது ஒரு டெலிவரி சலான், துணியாகத் திரும்பும்போது ஒன்று, டையிங்குக்குப் போகும்போது இன்னொன்று என்று எழுதுகிறோம் அல்லவா? அந்த எழுத்து வேலையெல்லாம் இங்கேயும் உண்டு. சின்னப் புரோகிராமுக்கு இது வீண் சுமையாகத் தெரியும்.

கம்ப்யூட்டர் நினைவகமும் கூடுதலாகச் செலவாகலாம். 10,000 லாட் கொண்ட பட்டியலில் ஒன்றை மட்டும் மாற்றினாலும் புதிய பட்டியல்தான் உருவாகிறது. மாறாத பகுதிகளைப் பழைய பட்டியலுடன் பகிர்ந்து கொள்ளும் அமைப்புகளைக் கண்டுபிடித்து இந்தச் செலவை வெகுவாகக் குறைத்திருக்கிறார்கள். இருந்தாலும் பெட்டியில் உள்ளதை நேரடியாக மாற்றும் வேகம் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை.

இடறல் 2: லூப் இல்லை

கட்டிங்கிலிருந்து 48, 50, 45, 50, 47 என்று ஐந்து கட்டுகள் வந்திருக்கின்றன. மொத்தம் எத்தனை பீஸ்? மற்ற மொழிகளில், மொத்தம் என்ற பெட்டியில் 0 வைத்து, ஒவ்வொரு கட்டாக எடுத்துக் கூட்டிக் கொண்டே போகச் சொல்வோம். இதுதான் லூப். பெட்டியை மாற்றக் கூடாது என்றவுடன் இந்த வழி அடைபட்டு விடுகிறது.

பங்ஷனல் வழியில் இப்படிச் சொல்ல வேண்டும்: "கட்டு எதுவும் இல்லை என்றால் மொத்தம் 0. இருந்தால், முதல் கட்டில் உள்ளதையும் மீதிக் கட்டுகளின் மொத்தத்தையும் கூட்டு." மொத்தம் என்பதை விளக்க மொத்தம் என்ற சொல்லையே பயன்படுத்துகிறோம். இதற்கு ரிகர்ஷன் என்று பெயர். விடை 240தான். ஆனால் முதல் தடவை படிக்கும்போது தலை சுற்றும். தவிர, நீளமான பட்டியலில் இப்படி உள்ளே உள்ளே போனால் சில மொழிகள் தாங்காது. பைத்தானில் சாதாரணமாக 1,000 அடுக்குகளுக்கு மேல் போக விடாது. பங்ஷனல் மொழிகளில் இதைச் சமாளிக்க வழி உண்டு. அதற்கேற்ற விதத்தில் எழுதத் தெரிய வேண்டும்.

பழகிய பின் ரிகர்ஷனை நேரடியாக எழுதும் தேவை குறைந்து விடும். மேப், பில்டர், போல்டு என்ற மூன்று கருவிகள் பெரும்பாலான வேலையை முடித்து விடும். திருப்பூர்க்காரர்களுக்கு இவற்றை விளக்குவது சுலபம். பில்டர் என்பது செக்கிங்: டேமேஜ் பீஸ் ஒதுக்கப்படும், நல்லது மட்டும் நகரும். மேப் என்பது அயர்னிங்: ஒவ்வொரு பீசுக்கும் ஒரே வேலை, எத்தனை போனதோ அத்தனை வரும். போல்டு என்பது பேக்கிங்: பல பீஸ்கள் சேர்ந்து ஒரே பெட்டி ஆகும். நான் ஹாஸ்கெல் படித்தபோது லூப்பை விட்டுவிட்டு இந்த மூன்றில் யோசிக்கவே பல வாரங்கள் பிடித்தன.

இடறல் 3: வெளியுலகத்தைத் தொடுவது

உங்கள் கொட்டேஷன் ஷீட்டில் தேதிக்கு =டுடே() என்று போட்டிருக்கிறீர்களா? அந்தப் பைலை அடுத்த வாரம் திறந்தால் அடுத்த வாரத் தேதி காட்டும். "இந்த விலை தேதியிலிருந்து 7 நாட்களுக்கு மட்டும்" என்று கீழே எழுதியிருந்தால், அந்த ஏழு நாள் முடியவே முடியாது! கன்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு செமிகோலன் கீயைத் தட்டினால் மாறாத தேதி கிடைக்கும். கொட்டேஷனுக்கு அதையே பயன்படுத்துங்கள்.

டுடே ஏன் தொல்லை தருகிறது? உள்ளே ஒன்றும் கொடுக்காமலேயே ஒவ்வொரு நாளும் வேறு விடை தருவதால். அதன் விடை வெளியுலகத்தைப் பொறுத்தது. ஆனால் பயனுள்ள புரோகிராம் எதுவும் வெளியுலகத்தைத் தொடாமல் இருக்க முடியாது. கீபோர்டில் வாங்க வேண்டும், பிரிண்டருக்கு அனுப்ப வேண்டும், பைலில் எழுத வேண்டும். ஹாஸ்கெல் இத்தகைய வேலைகளைத் தூய கணக்கிலிருந்து கறாராகப் பிரித்து வைக்கிறது. அதற்குப் பயன்படும் அமைப்புக்கு மோனாட் என்று பெயர்.

கற்பவர்களில் பலர் நிற்பது இங்கேதான். காரணம், மற்ற மொழிகளில் முதல் நாளே எழுதும் "பெயரைக் கேள், வணக்கம் சொல்" என்ற புரோகிராம் கூட இங்கே இந்தப் பிரிவினையைத் தொடுகிறது. புரோகிராமில் தவறு வந்தால், நடுவில் ஒரு பிரிண்ட் வரி போட்டுப் பார்ப்பது எல்லோருடைய வழக்கம். அதுவும் வெளியுலக வேலை என்பதால் கணக்கின் நடுவில் சாதாரணமாகப் போட முடியாது. எனது ஆலோசனை: மோனாட் என்ன என்று விளக்கும் கட்டுரைகளைத் தேடித் தேடிப் படிக்காமல், கீபோர்டும் பைலும் சேர்ந்த சின்னச் சின்னப் புரோகிராம்கள் பத்து எழுதுங்கள். பெயரின் பொருள் பிறகு தானே புரியும்.

இடறல் 4: சனிக்கிழமைக் கணக்கு

நம் ஊரில் பீஸ் ரேட் கூலியைச் சனிக்கிழமை கணக்குப் பார்ப்பது வழக்கம். அதுவரை யார் எத்தனை பீஸ் தைத்தார் என்று சீட்டுகள் மட்டும் சேரும். ஹாஸ்கெலும் இப்படித்தான். விடை தேவைப்படும் வரை கணக்கைப் போடாது, "இதைக் கூட்ட வேண்டும்" என்ற சீட்டை மட்டும் வைத்துக் கொள்ளும். தேவைப்படாத கணக்கைப் போடாமலே விட்டு விடலாம் என்பது லாபம்.

நஷ்டம் என்னவென்றால், பத்து லட்சம் சீட்டு சேர்ந்து விட்டால் அவற்றை வைக்க நினைவகம் வேண்டும். சரியான விடை தரும் புரோகிராமே காரணம் தெரியாமல் மந்தமாகும். அல்லது நினைவகம் தீர்ந்து பாதியில் நின்று விடும். "உடனே கூட்டு" என்று சொல்லும் வழிகள் ஹாஸ்கெலில் உண்டு. எங்கே அதைப் போட வேண்டும் என்று அறிய அனுபவம் வேண்டும். எர்லாங், ஸ்காலா, எப் ஷார்ப் போன்ற மொழிகள் சாதாரணமாக உடனுக்குடன் கணக்கிடுபவை என்பதால் அவற்றில் இந்தத் தொல்லை குறைவு.

இடறல் 5: துணைக்கு ஆள் குறைவு

நான் பொறியியல் படித்தபோது முதலாண்டில் கற்றது சி. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017, 2021 பாடத்திட்டங்களில் முதலாண்டுப் பாடமாகப் பைத்தான் வந்தது. ஆகவே பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவரிடம் சந்தேகம் கேட்டால் சி, பைத்தானுக்குப் பதில் கிடைக்கும், ஹாஸ்கெலுக்குக் கிடைப்பது அரிது. வேலை வாய்ப்பிலும் ஜாவா, பைத்தான் கேட்பவர்களே மிக அதிகம். உங்கள் யூனிட்டுக்கு ஒருவர் பங்ஷனல் மொழியில் சாப்ட்வேர் எழுதிக் கொடுத்துவிட்டு வேறு ஊர் போனால், அதைத் திருத்த இன்னொருவரைத் தேடுவது சிரமம். சாப்ட்வேர் எழுதச் சொல்லும்போது விலையுடன் இதையும் யோசிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். பங்ஷனல் என்றால் தவறே வராது என்பது உண்மையல்ல. 2010ல் பொருளியல் பேராசிரியர்கள் இருவர், நாடுகளின் கடனும் வளர்ச்சியும் பற்றி எழுதிய கட்டுரை உலகெங்கும் பேசப்பட்டது. அவர்களுடைய எக்ஸெல் ஷீட்டின் சராசரிப் பார்முலாவில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்ததை 2013ல் ஒரு ஆய்வு மாணவர் கண்டுபிடித்தார். பார்முலா தன் வேலையை ஒழுங்காகவே செய்தது. அதற்குக் கொடுத்த வரிசைகள்தான் குறைவு.

பிறகு ஏன் கற்க வேண்டும்?

எதுவும் மாறாது என்பதால் ஒரே நேரத்தில் பல வேலைகளைப் பயமின்றி நடத்தலாம். இரண்டு பேர் ஒரே பெட்டியை மாற்றிக் குழப்பும் சிக்கல் வராது. ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனம் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளுக்காக 1986ல் எர்லாங்கை உருவாக்கத் தொடங்கியது. கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் வாட்ஸ்அப்பின் சர்வர்கள் அந்த மொழியில் எழுதப்பட்டவை. பெங்களூரின் ஜஸ்பே நிறுவனம் பணப் பரிமாற்ற வேலைகளுக்கு ஹாஸ்கெலைப் பயன்படுத்துகிறது. அங்கே உருவாகி 2022ல் வந்த நம்ம யாத்ரி ஆட்டோ செயலியின் சர்வர் பகுதியும் ஹாஸ்கெல்தான்.

மற்ற மொழிகளும் இந்த வழிமுறையைக் கடன் வாங்கிக் கொண்டன. 2014ல் வெளியான ஜாவா 8ல் லாம்டா வந்தது. எக்ஸெலுக்கு மைக்ரோசாப்ட் 2020 டிசம்பரில் லாம்டாவை அறிவித்தது. மைக்ரோசாப்ட் 365லும் எக்ஸெல் 2024லும் இது உண்டு. எக்ஸெல் 2019, 2021 பதிப்புகளில் இல்லை. கூகுள் ஷீட்ஸில் 2022ல் வந்தது.

இதன் பயன் என்ன? ஒவ்வொரு ஸ்டைலுக்கும் பழைய காஸ்டிங் ஷீட்டைக் காப்பி செய்து வைத்திருப்பீர்கள். பார்முலாவில் ஒரு திருத்தம் என்றால் 40 ஷீட்டிலும் செய்ய வேண்டும். ஒன்றை விட்டாலும் அந்த ஆர்டரில் நஷ்டம். இதற்குப் பதில், எக்ஸெலில் பார்முலாஸ் மெனுவில் நேம் மேனேஜரைத் திறந்து, நியூ என்பதில் கிளிக் செய்திடுங்கள். நேம் என்ற இடத்தில் துணிஎடை என்ற பொருளில் ஒரு பெயரை ஆங்கில எழுத்தில் கொடுத்து, ரெபர்ஸ் டு என்ற இடத்தில் இதை டைப் செய்திடுங்கள்:

=லாம்டா(நீளம், அகலம், எடை, வேஸ்ட், நீளம்*அகலம்*2*எடை/10000*(1+வேஸ்ட்))

இதில் எடை என்பது ஜிஎஸ்எம். இனி அந்த பைலின் எந்த ஷீட்டிலும் =துணிஎடை(பி1, பி2, பி3, பி4) என்றால் போதும். திருத்தம் ஒரே இடத்தில். சைமன் பெய்டன் ஜோன்ஸ் 2003ல் கேட்ட வசதி இதுதான்.

யார் எதில் தொடங்கலாம்?

வேலை தேடும் நோக்கம் இருந்தால் பைத்தானில் தொடங்குங்கள். அதிலேயே மேப், பில்டர் உண்டு என்பதால் பங்ஷனல் பழக்கத்தையும் சேர்த்து வளர்க்கலாம். கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைகள் நேராக ஹாஸ்கெலில் தொடங்கினாலும் தவறில்லை. சென்னைக் கணிதவியல் கழகத்தின் பேராசிரியர்கள் மாதவன் முகுந்தும் எஸ்.பி.சுரேஷும் ஹாஸ்கெல் பற்றி நடத்திய பாடங்கள் என்பிடெல் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

என் அனுபவத்தில், பங்ஷனல் மொழி அதிகம் படுத்துவது ஏற்கெனவே சி அல்லது ஜாவா நன்றாகத் தெரிந்தவர்களைத்தான். பெட்டியை மாற்றி மாற்றி எழுதிய பழக்கத்தை அவர்கள் முதலில் விட வேண்டும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. காஸ்டிங், கூலி, வரி போன்ற கணக்குகளுக்குப் பங்ஷனல் வழி நன்றாகப் பொருந்தும். இருப்பு, பில், பிரிண்ட் என்று நொடிக்கு நொடி மாறும் வேலைகளில் அது உங்களிடம் கூடுதல் உழைப்பைக் கேட்கும்.

இந்த மாதத்திற்கு ஒரு பயிற்சி. மேலே உள்ள ஷீட்டில் பி10ல் லாப சதவீதத்தையும், பி11ல் விற்பனை விலைக்கான பார்முலாவையும் சேர்த்திடுங்கள். பிறகு இன்னொரு ஷீட்டில் ஒரு வாரத்து நூல் இருப்பை, எந்தச் செல்லையும் அழிக்காமல், நாளுக்கு ஒரு வரியாக எழுதிப் பாருங்கள். முதல் வேலை எத்தனை நிமிடத்தில் முடிகிறது, இரண்டாவது எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று குறித்துக் கொள்ளுங்கள்.